நம்மைப் பழித்தால் நாம் என்ன செய்ய வேண்டும்?

 



2017 மார்ச்சில் கோவையில் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து, இறைமறுப்புக் கொள்கைக்குச் சென்றவர். அதை எழுதியதே கொலைக்குக் காரணம் என்றது காவல்துறை. கைதானவர்களும் முஸ்லிம்களே. இதைச் செய்யும்படி நம் மார்க்கம் சொன்னதா?

*எழுந்து போகச் சொன்ன குர்ஆன்*

அந்நிஸா அத்தியாயம், 140-வது வசனத்தின் கருத்தைக் கவனியுங்கள். இறைவசனங்கள் பரிகசிக்கப்படும் சபையில், அவர்கள் வேறு பேச்சுக்கு மாறும் வரை உட்காராதீர்கள் என்கிறான் அல்லாஹ். எழுந்து போகச் சொன்னான். கை ஓங்கச் சொல்லவில்லை. பேச்சு மாறினால் மீண்டும் அமரலாம். உறவைக்கூட ஒரேயடியாக அறுக்கச் சொல்லவில்லை!

யூதர்கள் சிலர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, ஸலாம் சொல்வதுபோல் 'உமக்கு மரணம் உண்டாகட்டும்' என்ற பொருளில் சொன்னார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கோபமாகச் சபித்தார்கள். நபியவர்களோ, எல்லாக் காரியத்திலும் அல்லாஹ் மென்மையையே விரும்புகிறான் என்று தடுத்தார்கள். இது புகாரியில் பதிவான செய்தி.

*நமக்குள்ள உரிமை அவருக்கும் உண்டு*

அல்லாஹ்வைத் தவிர வேறு இறைவன் இல்லை என்று ஐந்து வேளையும் பாங்கில் சொல்கிறோம். பிறர் நம்பிக்கையை மறுக்கும் சொல் அது. நம் செஞ்சி மக்கள் அதைக் கேட்டுக்கொண்டு நம்மோடு அன்பாக வாழ்கிறார்கள். நம்மை மறுப்பவர் பேசும்போது மட்டும் நமக்குப் பொறுமை போய்விடலாமா?

மறுப்பது வேறு, ஏசுவது வேறு. பிறர் வணங்கும் தெய்வங்களை ஏசாதீர்கள், அறியாமையால் அவர்கள் அல்லாஹ்வை ஏசுவார்கள் என்று அல்அன்ஆம் 108-வது வசனம் முதலில் நம் நாவைத்தான் கட்டுகிறது. நம் கோட்டைக்குள் வெங்கடரமணர் கோயிலும் இருக்கிறது, சாதத்துல்லா கான் பள்ளிவாசலும் இருக்கிறது. தேசிங்கு ராஜாவும் அவருடைய முஸ்லிம் தோழர் மகபத்கானும் ஒரே போர்க்களத்தில் மடிந்ததாக இந்த ஊர் இன்றும் சொல்கிறது. தோழமைக்காக யாரும் தம் கொள்கையை விட வேண்டியதில்லை. ஏச்சை விட்டால் போதும்.

*இளைஞர்களே!*

நபியவர்களைப் பழிக்கும் பதிவு கைப்பேசிக்கு வந்தால் பத்துப் பேருக்கு அனுப்பாதீர்கள். அந்தப் பழியை ஊரெல்லாம் சுமந்து சென்ற பாவம் நம்மைச் சேரும். பதில் தெரிந்தால் கண்ணியமாகச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் ஆலிமிடம் கேளுங்கள். வேண்டுமென்றே மத உணர்வைப் புண்படுத்துவதைத் தண்டிக்க 1927 முதல் 295ஏ பிரிவு இருந்தது. இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 299-வது பிரிவாக இருக்கிறது. ஜமாஅத் மூலம் புகார் கொடுங்கள். நாம் பிறரை ஏசினாலும் அதே சட்டம்தான் என்பதை மறக்காதீர்கள்.

நம் நாவையும் கையையும் அல்லாஹ் பாதுகாப்பானாக! ஆமீன்.