ஆம்ப் மேல் பழி போடுவதற்கு முன் வோல்ட்டை அளந்து பாருங்கள்

காடியில் பாட்டு நல்லா ஓடும். பேஸ் பலமாக அடிக்கும்போது மட்டும் ஆம்ப் பொசுக்கென்று அணைந்து, பிறகு தானாக எரியும். நம்ம பசங்க உடனே, “ஆம்ப் போச்சு, புதுசு வாங்கணும்”னு முடிவு கட்டிடுவாங்க. அவசரப்பட வேண்டாம், நண்பர்களே. பல நேரம் ஆம்ப் நன்றாகத்தான் இருக்கும். அதற்குப் போகும் கரண்டில்தான் கோளாறு. ஒரு சாதாரண மல்டிமீட்டர் இருந்தால் நீங்களே கண்டுபிடிக்கலாம்.

ஆம்ப்புக்கு மூன்று இணைப்புகள் உண்டு. பேட்டரியிலிருந்து வரும் பாசிட்டிவ், காடியின் உடம்போடு சேரும் கிரவுண்ட், ரேடியோவிலிருந்து வரும் மெல்லிய ரிமோட் வயர்.

1. ஆம்ப் எரியவே இல்லையா? மீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். கறுப்பு முனை ஆம்ப்பின் கிரவுண்டில், சிவப்பு முனை பாசிட்டிவில். 12 வோல்ட் இல்லையென்றால் பேட்டரி பக்கத்து ஃபியூஸையும் கிரவுண்டையும் பாருங்கள். இருந்தால், ரேடியோவைப் போட்டுவிட்டு ரிமோட்டை அளங்கள். அங்கேயும் சுமார் 12 வர வேண்டும். இரண்டும் சரி என்றால்தான் ஆம்ப்பின் சொந்த ஃபியூஸைச் சந்தேகப்படணும்.

2. புரொடெக்ட் விளக்கு எரிகிறதா? ஆம்ப்பை அணைத்து, ஸ்பீக்கர் வயர்களையும் ஆர்சிஏ வயர்களையும் கழற்றிவிட்டு மறுபடி போடுங்கள். அப்போதும் எரிந்தால் கோளாறு அநேகமாக ஆம்ப்புக்குள்ளே. அணைந்தால் ஸ்பீக்கரிலோ வயரிலோ ஷார்ட் தேடுங்கள்.

3. பேஸுக்கு மட்டும் அணைகிறதா? திறந்த வெளியில் காடியை நிறுத்தி, எஞ்சினை ஓட விடுங்கள். பெரும்பாலான காடிகளில் பேட்டரியில் 13.5 முதல் 14.5 வோல்ட் இருக்கும். பாட்டைச் சத்தமாக வைத்து, பேட்டரியிலும் ஆம்ப்பிலும் அளங்கள். பேட்டரியில் சரியாக இருந்து ஆம்ப்பில் மட்டும் விழுந்தால், நடுவில் ஏதோ ஒரு இணைப்பு மோசம்.

முதலில் கிரவுண்டைப் பாருங்கள். ஒரு முனை ஆம்ப்பின் கிரவுண்டில், மறுமுனை பக்கத்தில் பெயிண்ட் இல்லாத இரும்பில். பாட்டு ஓடும்போது 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் போல்ட்டில் பிரச்சினை. ஓம்ஸில் அளந்தால் இது தெரியாது. அவ்வளவு சின்ன அளவைச் சாதாரண மீட்டர் சரியாகக் காட்டாது.

அந்தச் சின்ன அளவு என்ன செய்யும்? நாம் படித்த ஓம் விதிதான். 500 வாட் கிளாஸ் டி ஆம்ப் முழுச் சத்தத்தில் சுமார் 45 ஆம்பியர் இழுக்கும். போல்ட்டுக்கு அடியில் பெயிண்ட் இருந்து 0.05 ஓம் தடை வந்தால், 45 × 0.05 = 2.25 வோல்ட் அங்கேயே போய்விடும். 13.8 வர வேண்டிய இடத்தில் 11.5 தான் வரும். அதோடு சுமார் 100 வாட் சூடு அந்த ஒரே போல்ட்டில். சால்டரிங் அயனை விட அதிகம்!

சரி செய்வது சுலபம். பேட்டரியின் நெகட்டிவை முதலில் கழற்றுங்கள். பெயிண்டைச் சுரண்டி, இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து, போல்ட்டை இறுக்குங்கள்.

கடைசியாக ஒன்று. ஃபியூஸ் அடிக்கடி போகுதுன்னு பெரிய ஃபியூஸ் போடாதீங்க, ஈயத்தாளும் சுற்றாதீங்க. பேட்டரி பக்கத்து ஃபியூஸ் ஆம்ப்பைக் காக்க இல்லை, வயரைக் காக்க. அது எரியாவிட்டால் வயர் எரியும். அந்த வயர் குடும்பமே உட்காரும் சீட்டுக்கு அடியில்தான் ஓடுகிறது.