கோடையில் கொதிக்கும் எஞ்சின்

(இளம் அறிவியல் மூன்றாம் ஆண்டு இயற்பியல் மாணவர் கட்டுரை)

சென்ற கத்திரி வெயிலில் நெற்குப்பையிலிருந்து திருப்பத்தூருக்கு ஒரு திருமணத்திற்காகப் பழைய காரொன்றில் சென்றோம். பாதி வழியில் எஞ்சினிலிருந்து ஆவி கிளம்பிற்று. வண்டியை ஓட்டிய மாமா இறங்கி, கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகினார். மறுநொடி கொதிநீர் சீறிப் பாய்ந்து அவரது வலக்கை வெந்துவிட்டது. அழுத்தமும் கொதிநிலையும் படித்துத் தேர்வில் மதிப்பெண் வாங்கிய நான் அருகிலேயே நின்றிருந்தேன். ‘வேண்டாம் மாமா’ என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. அக்குறையை ஓரளவேனும் ஈடு செய்யவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

வெப்பம் எங்கே போகிறது?

எரிபொருள் தரும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டும் வேலையாக மாறுகிறது. எஞ்சியதில் ஒரு பகுதி புகையோடு போகிறது. மற்றொரு பெரும் பகுதியை எஞ்சினைச் சுற்றி ஓடும் நீர் வாங்கி, ரேடியேட்டரில் காற்றிடம் ஒப்படைக்கிறது. இவ்வாறு ஒப்படைக்கும் அளவு, நீருக்கும் காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. நீர் 90 டிகிரி, காற்று 25 டிகிரி எனில் வேறுபாடு 65. காற்று 40 டிகிரியானால் வேறுபாடு 50 மட்டுமே. அதாவது கோடையில் ரேடியேட்டரின் திறன் ஏறக்குறையக் கால் பங்கு குறைகிறது. நல்ல நிலையிலுள்ள வண்டி இதைத் தாங்கும். நீர்க்குறைவு, தளர்ந்த விசிறி பெல்ட், ஒழுகும் ரப்பர் குழாய், திறக்காத தெர்மோஸ்டாட் ஆகியவற்றுள் ஒன்று சேர்ந்துகொண்டால் தாங்காது.

மூடிக்குள் இருப்பது என்ன?

ரேடியேட்டர் மூடி பிரஷர் குக்கரின் மூடியைப் போன்றது. உள்ளே அழுத்தம் ஒரு வளிமண்டல அளவு கூடினால், நீர் 120 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்ததும் அழுத்தம் விழுகிறது; கொதிநிலையும் 100 டிகிரிக்கு இறங்குகிறது. மிகுதியான வெப்பம் நீரின் ஒரு பகுதியை அக்கணமே ஆவியாக்குகிறது. நீர் ஆவியானால் பருமன் 1,600 மடங்குக்கு மேல் பெருகும். மாமாவின் கையைச் சுட்டது இந்த விதிதான்.

நம் பகுதியின் நீர்

ஆழ்குழாய்க் கிணற்று நீர் பெரும்பாலும் உப்பு மிகுந்த கடின நீர். வெந்நீர் அண்டாவின் அடியில் வெள்ளையாகப் படியும் காரை, ரேடியேட்டரின் நுண்குழாய்களிலும் படிந்து வழியை அடைக்கும். உப்பு நீர் உலோகத்தையும் அரிக்கும். காரைக்குடியில் 1953-இல் திறக்கப்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆய்வகம் ஆராயும் துறைகளுள் உலோக அரிமானமும் ஒன்று என்பது நினைக்கத்தக்கது. வாலை வடிநீருடன் கூலண்ட் திரவத்தை வண்டியின் கையேடு கூறும் அளவில் கலந்து ஊற்றுவதே முறை. செட்டிநாட்டு வீடுகளில் முற்றத்தில் விழும் மழைநீரைப் பிடித்து வைக்கும் வழக்கம் உண்டு. அந்நீர் மென்னீர் என்பதை அறிந்தால் முன்னோர் செயலின் பொருள் விளங்கும்.

செய்ய வேண்டியவை

பயணத்திற்கு முன், எஞ்சின் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் நீர்மட்டம், பெல்ட், குழாய்களைப் பார்க்க வேண்டும். ரேடியேட்டரின் முன்புறத்தில் அடைந்த தூசியையும் பூச்சிகளையும் அகற்ற வேண்டும்.

வழியில் வெப்பமானியின் முள் ஏறத் தொடங்கினால் குளிர்சாதனத்தை நிறுத்துக. வண்டியில் வெப்பமூட்டி இருந்தால் அதை முழுதும் திறந்து வைக்கலாம். அதுவும் ஒரு சிறு ரேடியேட்டரே. முள் இறங்காவிடில் நிழலில் ஒதுக்கி எஞ்சினை அணைக்க வேண்டும். இன்னும் சிறிது தூரம் ஓட்டலாம் என்ற எண்ணம் பெருஞ்செலவில் முடியும். அலுமினியம் இரும்பைப் போல ஏறத்தாழ இரு மடங்கு விரிவடைவதால், எஞ்சினின் தலைப்பகுதி கோணிவிடக்கூடும்.

அரைமணி நேரமாவது பொறுத்து, மேற்குழாய் கைக்கு ஆறிய பிறகே, தடித்த துணியால் மூடியை முதற்படி வரை மட்டும் திருகி ஆவியைப் போகவிட வேண்டும். சூடான எஞ்சினில் குளிர்நீரைக் கொட்டினால் விரிசல் விழலாம். கை வெந்துவிட்டால் 20 நிமிடம் குளிர்ந்த நீர் ஓட விட வேண்டும். மையோ பற்பசையோ தடவலாகாது. பிறகு மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மாமாவின் கை ஆறிவிட்டது, தழும்பு இருக்கிறது. அதைக் காணும்போதெல்லாம், விடைத்தாளில் எழுதிய அறிவு வேளைக்கு வாயில் வராவிடில் அது யாருக்கும் பயன்படாது என்று உணர்கிறேன். நண்பர்களே, உங்கள் வீட்டில் வண்டி ஓட்டுபவரிடம் இன்றே இதைச் சொல்லுங்கள்.