ஒளி சொல்லும் உயரம்

நுழையும்முன்

அண்ணாந்து பார்க்கும் கண்ணுக்கு மேகமும் எரிமலைச் சாம்பலும் ஒன்றுபோலத் தோன்றலாம். வானூர்தியில் செல்வோருக்கோ அவ்வேறுபாடு உயிர்காக்கும் செய்தியாகும். தரையிலிருந்து ஒளியைச் செலுத்தி அதனை அறியும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

சாம்பலுக்குள் ஒரு வானூர்தி

1982 ஜூன் 24 இரவு. கோலாலம்பூரிலிருந்து ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குச் சென்ற பிரிட்டிஷ் ஏர்வேஸ் வானூர்தியின் நான்கு எஞ்சின்களும் ஜாவா தீவுக்கருகே அடுத்தடுத்து நின்றன. கலுங்குங் எரிமலை உமிழ்ந்த சாம்பலுக்குள் அது நுழைந்திருந்தது. எஞ்சின் வெப்பத்தில் உருகிய சாம்பல் உள்ளே படிந்து காற்றோட்டத்தைத் தடுத்தது. வானூர்தி தாழ இறங்கியபின் எஞ்சின்கள் மீண்டும் இயங்கின. அதிலிருந்த 263 பேரும் ஜகார்த்தாவில் உயிர்தப்பி இறங்கினர்.

வானூர்தியின் ரேடார் ஏன் எச்சரிக்கவில்லை? அது மழைத்துளிகளைக் காட்டவல்லது. உலர்ந்த நுண்சாம்பல் அதற்குப் புலப்படாது.

லிடார் இயங்கும் முறை

ரேடார், ரேடியோ அலைகளைப் பயன்படுத்துகிறது. லிடார், லேசர் ஒளியைப் பயன்படுத்துகிறது. ஒளியின் அலைநீளம் மிகச் சிறியது. ஆதலால், காற்றில் மிதக்கும் நுண்துகள்களும் அதனைச் சிதறடிக்கின்றன. லேசரிலிருந்து மிகக் குறுகிய ஒளித்துடிப்பு வானை நோக்கிச் செலுத்தப்படுகிறது. சிதறித் திரும்பும் ஒளியைத் தொலைநோக்கி திரட்டுகிறது. ஒளி 20 மைக்ரோநொடியில் திரும்பினால், அது சென்றுவந்த தொலைவு 6 கிலோமீட்டர். துகள்கள் இருக்கும் உயரம் 3 கிலோமீட்டர். 1963ஆம் ஆண்டிலேயே ஃபியோக்கோ, ஸ்மல்லின் ஆகியோர் லேசரைக் கொண்டு மேல்வளிமண்டலத்தை ஆராய்ந்தனர்.

உயரத்தோடு துகளின் வடிவத்தையும் லிடார் உணர்த்தும். உருண்டையான நீர்த்துளியில் பட்டு நேராகத் திரும்பும் ஒளியின் அதிர்வுத்தளம் மாறுவதில்லை. கரடுமுரடான சாம்பல் துகளோ அத்தளத்தை மாற்றிவிடும். பனிப்படிகங்களும் அவ்வாறே மாற்றுவதால், ஆய்வாளர்கள் உயரம், வெப்பநிலை முதலியவற்றையும் ஒப்பிட்டே முடிவுசெய்கின்றனர்.

ஐரோப்பாவின் சோதனை

2010 ஏப்ரல் 14 அன்று ஐஸ்லாந்தின் எய்யாஃபியாட்லயோகுட்ல் எரிமலை சாம்பலைக் கக்கியது. ஐரோப்பிய வான்வழிகள் பல நாள்கள் மூடப்பட்டன; ஏறத்தாழ 1,00,000 பயணங்கள் நின்றுபோயின. 'சாம்பல் உண்டு' என்று அறிவது மட்டும் அப்போது போதவில்லை. எவ்வுயரத்தில், எவ்வளவு என்னும் வினாக்கள் எழுந்தன. 2000ஆம் ஆண்டு முதல் இயங்கிவந்த ஐரோப்பிய லிடார் வலையமைப்பின் நிலையங்கள், சாம்பல் அடுக்குகளின் உயரத்தையும் தடிமனையும் தொடர்ந்து அளந்தன. ஒரு கனமீட்டர் காற்றில் 2 மில்லிகிராம் சாம்பல் என்னும் வரம்பு வகுக்கப்பட்டு, வான்வழிகள் படிப்படியாகத் திறக்கப்பட்டன.

லிடாருக்கும் எல்லையுண்டு. அடர்ந்த மேகம் குறுக்கிட்டால் அதற்கு அப்பால் ஒளி செல்லாது. சிதறிய ஒளியிலிருந்து சாம்பலின் எடையைக் கணிக்கும்போதும் பிழை நேரலாம். எனவே, செயற்கைக்கோள் படங்களும் வானூர்தி அளவீடுகளும் அதற்குத் துணைநிற்கின்றன. அச்சத்தால் வானை மூடுவதும் அறியாமையால் திறப்பதும் தீங்கே. அவ்விரண்டுக்கும் இடையில் வழிகாட்டுவது அளவீடு.

கற்பவை கற்றபின்

1. ஒளித்துடிப்பு 40 மைக்ரோநொடியில் திரும்பினால், மேகத்தின் உயரத்தைக் கணக்கிடுக.
2. 'அளந்தறிதலே அச்சம் நீக்கும்' என்னும் தலைப்பில் வகுப்பறையில் உரையாற்றுக.