வாயிற்காவலும் செய்தி வெள்ளமும்



சென்ற ஆண்டு வைசாகப் பௌர்ணமியன்று இரவு நம் மட்டாஞ்சேரிச் சங்கத்தில் நிகழ்ந்த ஒன்றை முதலில் கூறிவிட்டுப் பின்னர் பாடத்துட் புகுவோம். அன்று மாலை திரிசரணமும் பஞ்சசீலமும் ஏற்று யாவரும் இல்லம் திரும்பிய பின், நம் அன்பர் ஒருவருடைய தாயாருக்கு அவசரமாக அறுவைச் சிகிச்சை செய்ய நேர்ந்தது. எளிதிற் கிடைக்காத வகை இரத்தம் தேவைப்பட்டது. அவ்வன்பர் நம் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் இரண்டே வரி எழுதினார். அவ்வகை இரத்தமுடையோர் இருவர் அக்குழுவில் இருந்தனர். இருவர் கையிலும் கைப்பேசி இருந்தது. ஆயினும் அவ்விரண்டு வரிகளை மறுநாட் காலை வரையில் ஒருவரும் காணவில்லை. காரணம் யாதெனில், அன்றிரவு அக்குழுவில் 170க்கு மேற்பட்ட வைசாக வாழ்த்துக்கள் வந்து குவிந்திருந்தன. தாமரைப் படம், தீபப் படம், அசையும் போதிமரம், பாட்டுடன் கூடிய போதிமரம். அவற்றுள் பதினொன்று நாம் அனுப்பியவை.

அம்மையார் பிழைத்தார். அன்பர் கதவு கதவாகத் தட்டிக் கேட்டு, விடியற்காலையில் நம் சங்கத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு படகோட்டி கிடைத்து வந்து இரத்தம் கொடுத்தார். பகவான் பெயரால் நாம் அனுப்பிய வாழ்த்துக்கள் ஒரு மகனுடைய குரலை மூடிவிட்டன என்பதை மறைத்துப் பேசுவதிற் பயனில்லை. ஆகவே இம்மாதப் பாடம் இதுவே ஆயிற்று.

இக்குவியல் எங்ஙனம் உண்டாகிறது? பண்டிதர் அயோத்திதாசர் 1907 ஜூன் 19 அன்று சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழைத் தொடங்கினார். நான்கு பக்கம், விலை காலணா. ஒவ்வொரு பக்கமும் காகித விலையையும், எழுத்துக் கோப்பவர் கூலியையும் கேட்கும். எனவே எதனை இடுவது, எதனை விடுவது என்று ஒருவர் அமர்ந்து எண்ணியே தீரவேண்டும். அஞ்சலட்டையும் அவ்வாறே. எழுதுவோன் காசு கொடுத்தான்; காசு கொடுப்பதால் இருமுறை எண்ணினான். படிப்போனுக்குச் செலவில்லை. 1971இல் ரே டாம்லின்சன் என்னும் அமெரிக்கப் பொறியாளர் ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொன்றுக்கு வலைப்பின்னல் வழியே மின்னஞ்சல் அனுப்பிக் காட்டினார். அன்று தொடங்கிய வழி இன்று எங்கு வந்து நிற்கிறதெனில், அனுப்புவோனுக்கு ஏறக்குறையச் செலவே இல்லை. முழுச் செலவும் பெறுவோனுடைய நேரத்திலிருந்து கழிகிறது. ஒருவர் விரல் அசைக்க, இருநூறு பேர் ஆளுக்கு அரை நிமிடம் இழப்பர். மொத்தம் நூறு நிமிடம். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வில்லிங்டன் தீவிலுள்ள அலுவலகங்களில் பணிபுரியும் நம் இளைஞர்களும் இதனையே வேறு வகையிற் கூறுகின்றனர். ஒருவருக்கு எழுத வேண்டிய மின்னஞ்சல் நாற்பது பேருக்கு நகலாகப் போகிறது. பொறுப்பைப் பகிர்ந்துகொள்வதற்கு அன்று, 'நான் அறிவித்துவிட்டேன்' என்று பொறுப்பைக் கழித்துக்கொள்வதற்கே என்பது நம் கருத்து. நாற்பது பேருக்கு அறிவித்த செய்தி ஒருவருக்கும் அறிவியாத செய்தி ஆகிவிடுகிறது.

மட்டாஞ்சேரி முதியோர் 'சாப்பா'வை மறவார். கொச்சித் துறைமுகத்தில் வேலை வேண்டி நிற்கும் கூட்டத்தின் நடுவே மூப்பன் உலோக வில்லைகளை வீசுவான். வில்லை எவன் கையிற் சிக்கியதோ அவனுக்கே அன்று வேலை. ஒருவர் மேல் ஒருவர் விழுந்து, மிதிபட்டு, அடித்துப் பிடித்து அதனைக் கைப்பற்ற வேண்டும். அவ்விழிவை எதிர்த்தெழுந்த போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து தொழிலாளர் உயிர் நீத்தனர். நாம் பிறப்பதற்கு முந்திய கதை. எனினும் இத்தெருக்களில் நடப்போர் கேளாமலிருக்க முடியாது. கைப்பேசி 'டிங்' என்று ஒலித்ததும் உண்ணும் கையை உதறிவிட்டு நாம் பாயும்போதெல்லாம் அச்சாப்பாவே நினைவுக்கு வருகிறது. அன்று பாய்ந்தவன் பசியாற் பாய்ந்தான். வில்லைக்குப் பின்னே கூலி இருந்தது, வீட்டில் அடுப்பு இருந்தது. நம் பாய்ச்சலுக்குப் பின்னே இருப்பது யாது? பெரும்பாலும் காலை வணக்கம். வீசுவோனும் மாறிவிட்டான். நம் கவனத்தைச் சேர்த்து விளம்பரக்காரருக்கு விற்று வாழும் பெரு நிறுவனங்கள் இன்று வீசுகின்றன. நாம் எத்தனை முறை பாய்கிறோமோ அத்தனைக்கு அவற்றுக்கு ஆதாயம்.

இனிப் பாடம். மணிமேகலை வழங்கும் பன்னிரு நிதானச் சொற்களுள் ஐந்தை இன்று எடுத்துக்கொள்வோம்: வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று. கண் வாயில். திரையின் ஒளி வந்து கண்ணிற் படுவது ஊறு. படத்தைக் கண்டதும் இன்பமோ துன்பமோ தோன்றுவது நுகர்வு. 'இன்னும் ஒன்று பார்ப்போம்' என விரல் மேலே தள்ளுவது வேட்கை. 'என் குழு, என் படம், எத்தனை பேர் விருப்பம் தெரிவித்தனர்' என்று இரவு பன்னிரண்டு மணிக்கு எழுந்து நோக்குவது பற்று. வாயில் திறந்திருக்கும்வரை ஊறு உண்டு. ஊறு உள்ளவரை நுகர்வு உண்டு. அவ்விரண்டையும் தடுத்தல் எளிதன்று, தடுக்கவும் தேவையில்லை. நுகர்வுக்கும் வேட்கைக்கும் இடையே ஒரு நூலிழை இடம் உண்டு. பயிற்சி அவ்விடத்தில்தான்.

அவ்விடத்தில் யாரை நிறுத்துவது? அங்குத்தர நிகாயத்தின் ஏழாம் தொகுதியில் ததாகதர் ஓர் எல்லைப்புற நகரை உவமை கூறுகிறார். மதிலும் அகழியும் ஆயுதமும் உணவும் நிறைந்த அந்நகருக்கு அறிவும் ஆற்றலும் மிக்க ஒரு வாயிற்காவலன் உண்டு. அவன் அறியாதாரைத் தடுப்பான், அறிந்தாரை விடுவான். அக்காவலனே ஸதி, அதாவது கடைப்பிடியுள்ள நினைவு. சம்யுத்த நிகாயத்திலும் இத்தகைய நகரம் ஒன்று வருகிறது. அங்கே விரைந்து வரும் தூதர் இருவர் காவலனை அணுகி, 'நகரத் தலைவர் எங்கே' என்று வினவ, அவன் வழி காட்டுகிறான்.

இதனை ஊன்றி நோக்க வேண்டும். கைப்பேசியைக் கடலில் எறிந்துவிடுவதே தம்மம் என்று பேசும் சிலர் நம்மிடையே உளர். அவர்கள் காவலனைக் கேட்கவில்லை, சுவரைக் கேட்கின்றனர். சுவர் தூதரையும் தடுத்துவிடும். வைசாக இரவில் வந்த இரண்டு வரிகளே தூதர். காவலன் இல்லாமையால் கூட்டம் புகுந்தது. கூட்டம் புகுந்தமையால் தூதருக்கு வழி இல்லாமற் போயிற்று.

இந்நாட்டில் இது பெரிய அளவில் நிகழ்ந்ததை நாமே கண்டோம். 2018 ஆகஸ்ட்டில் பெருவெள்ளம் கேரளத்தை மூழ்கடித்தபோது, நெடும்பாசேரி விமான நிலையம் அம்மாதம் 15 முதல் 29 வரை மூடப்பட்டிருந்தது. ஆலுவா, பறவூர்ப் பக்கங்களில் மாடி மீதும் கூரை மீதும் நின்றோர் கைப்பேசியில் அனுப்பிய சில வரிகளே பல உயிர்களைக் காத்தன. கடற்கரை மீனவர் தம் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு அச்செய்திகளின் வழியே சென்றனர். மறுபுறம், மீட்கப்பட்டு முகாமில் கஞ்சி குடித்துக்கொண்டிருப்போரைக் காப்பாற்றுமாறு வேண்டும் பழைய செய்திகள் ஓயாமற் சுற்றின. மீட்போர் வெற்று வீடுகளைத் தேடி அலைந்தனர். முல்லைப்பெரியாறு அணை உடைந்துவிட்டது என்னும் பொய்க்குரல் ஒன்றும் பரவிற்று. அரசு மறுக்க வேண்டியதாயிற்று. அனுப்பியோர் தீயோர் அல்லர். பெரும்பாலோர் கருணையால் அனுப்பினர். ஆனால் காவலனற்ற கருணை வழியை அடைத்தது. 'கேரளா ரெஸ்க்யூ' என்னும் இணையதளத்தில் கோரிக்கைகள் ஓரிடத்திற் சேர்க்கப்பட்டு, தன்னார்வ இளைஞர் ஒவ்வொன்றையும் தொலைபேசியில் அழைத்து உறுதி செய்யத் தொடங்கிய பின்னரே அக்குவியல் பயன்படலாயிற்று. அவ்விளைஞர் செய்தது வாயிற்காவல்.

இனி நம் குற்றம் ஒன்றைக் கூறுவோம். நாம் பள்ளியிற் பயின்று பாலி அறிந்தவர் அல்லோம். ஆலை வேலைக்கிடையே நூல் வாங்கிப் படித்துத் தேறியவர். ஒருநாள் அழகிய படம் ஒன்று வந்தது. பகவான் உருவமும் கீழே அவர் கூறியதாக ஒரு வாக்கியமும். உள்ளத்தைத் தொட்டமையால் மறுவாரமே அதனை வைத்து ஒரு மணி நேரம் சொற்பொழிவு செய்தோம். முடிவில் கல்லூரியிற் படிக்கும் ஒரு பெண் எழுந்து, 'ஐயா, இது எந்தச் சூத்திரத்தில் உள்ளது?' என்று கேட்டாள். நம்மிடம் விடையில்லை. மூன்று மாதம் தேடினோம்; எங்கும் இல்லை. பகவான் சொல்லாததைப் பகவான் சொன்னதாக எண்பது பேருக்குக் கூறிவிட்டோம். அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று அதனைத் திரும்பப் பெற்றோம். நாணமாகத்தான் இருந்தது.

இதற்கு மருந்து முன்னமே இருந்தது. தம் இறுதிப் பயணத்தில் போகநகரத்தில் தங்கியிருந்தபோது ததாகதர் நான்கு மகாபதேசங்களை உரைத்தார். 'இதனைப் பகவான் வாயிலிருந்தே கேட்டேன்' என்று ஒருவன் வந்து கூறினும், அதனை உடனே கொண்டாடவும் வேண்டா, உடனே இகழவும் வேண்டா. சூத்திரத்தோடும் வினயத்தோடும் ஒப்பிட்டுப் பொருந்தினாற் கொள்க, பொருந்தாவிடின் விடுக என்பது அதன் கருத்து. தம் பெயரால் வருவதையே சோதித்துக் கொள்ளச் சொன்ன ஆசிரியருடைய மாணாக்கர், எவரோ அனுப்பியதைச் சோதியாமற் கொள்ளலாமா? நம்மிற் பலர் முன்னோர் வழி வந்த பௌத்தர் அல்லர். எண்ணி ஆராய்ந்து, பழைய பிடிகளை விட்டு வந்தவர். கேட்டதை நம்பும் பழக்கத்தை ஒரு வாயிலில் துரத்திவிட்டு மறு வாயிலில் வரவேற்பது நமக்கு அடாது.

உள்ளே வருவதைப் பற்றி இவ்வளவு. வெளியே போவது இதனினும் கொடியது. 2018 மே மாதம், தமிழ்நாட்டில் திருவண்ணாமலை மாவட்டம் போளூரை அடுத்த அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்குச் சென்றுகொண்டிருந்த ஒரு குடும்பத்து மூதாட்டி, வழியிற் கண்ட குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிப்போர் சுற்றுகின்றனர் என்னும் வாட்ஸ்அப் வதந்தி ஏற்கெனவே அப்பகுதியிற் பரவியிருந்தது. கூட்டம் கூடி அடித்தது, அம்மூதாட்டி இறந்தார். அடித்தவர் மீது வழக்கு வந்தது. அவ்வதந்தியைக் கைமாற்றியவர் எத்தனை பேர் என்று எவர் எண்ணுவர்? ஒவ்வொருவரும் 'எதற்கும் எச்சரிக்கையாக இருக்கட்டும்' என்றே அனுப்பியிருப்பர். பொய் உரையாமை என்னும் சீலம் நாவுக்கு மட்டும் உரியதன்று; அனுப்பும் விரலுக்கும் உரியது. 'நான் எழுதவில்லை, வந்ததை அனுப்பினேன்' என்பது விடை ஆகாது. கோள் சொல்பவனும் அதையே கூறுவான்.

வாட்ஸ்அப் நிறுவனம் 2018 ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே முறையில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு வரம்பு கட்டுவதாக அறிவித்தது. 2020 ஏப்ரலில், பல கை மாறிய செய்தியை ஒரு முறைக்கு ஓர் இடத்துக்கே அனுப்பலாம் என்று மேலும் குறுக்கியது. நல்லதே. ஆயினும் ததாகதர் வகுத்த வரம்பு எண்ணிக்கையிற் கட்டியதன்று. காலமறிந்து, உண்மையாய், மென்மையாய், பயனுடையதாய், அன்போடு கூறப்படுவதே நற்சொல் என்று ஐந்து வகுத்தார். ஒரு சொல்லை அனுப்புமுன் அவ்வைந்தையும் கேட்போமாயின், நாளுக்கு நாலைந்து செய்திக்கு மேல் அனுப்ப நமக்கு நேரமே இராது.

ஒன்று மட்டும் சொல்லவேண்டும். தனியே வாழும் முதியோர் நாள்தோறும் அனுப்பும் காலை வணக்கத்தை நாம் இகழ்வதில்லை. 'நான் இன்றும் எழுந்தேன்' என்பதே அதன் பொருள். அத்தகையோருக்குப் படத்துக்குப் படம் திருப்பி அனுப்பாதீர்கள், அழைத்துப் பேசுங்கள்.

நூற்பாலையில் நாம் நின்ற காலத்தில், ரிங் பிரேமில் ஒருவர் காவலில் நூற்றுக்கணக்கான கதிர்கள் சுழலும். புதிதாக வந்தவன் ஒவ்வொரு கதிரையும் பார்க்க ஓடி, இரண்டாம் நாளே காய்ச்சலிற் படுப்பான். தேர்ந்தவன் மெல்ல நடப்பான், அறுந்த இழை மட்டும் அவன் கண்ணிற் படும், ஒட்டிவிட்டு நடப்பான். ஓடுவது ஓடட்டும் என்று விடும் துணிவு வர அவனுக்கு ஆறு மாதம் ஆகும். எல்லாச் செய்தியையும் படித்தே தீரவேண்டும் என்று எண்ணும் அன்பர்கள் அந்தப் புதியவனை ஒத்தவர்.

வைசாகத்துக்குப் பின் நம் சங்கம் சில ஏற்பாடுகளைச் செய்துள்ளது. குழுவை இரண்டாகப் பிரித்தோம். ஒன்றில் செயலாளரும் துணைச் செயலாளரும் மட்டுமே எழுதலாம். கூட்ட நாள், மருத்துவ உதவி, இறப்புச் செய்தி ஆகியவற்றுக்கு மேல் அதில் ஒன்றும் வராது. மற்றொன்றில் விரும்பியவர் விரும்பியதைப் பேசலாம். அதன் ஒலியை அடக்கி வைப்பது குற்றமாகாது. சங்கத்து மின்னஞ்சலைச் செயலாளர் காலை ஒருமுறை, மாலை ஒருமுறை மட்டுமே திறப்பார். பகவான் வாக்கு என்று அனுப்புவோர் நிகாயமும் சூத்திரமும் குறிப்பிட வேண்டும், குறிப்பிடாதது நீக்கப்படும். முதல் வாரம் நீக்கப்பட்டவற்றுள் இரண்டு நம்முடையவை. உயிர்க்கு அவசரமாயின் எழுத வேண்டா, அழையுங்கள். இரவிலும் எடுக்க இருவர் முறைவைத்து ஒப்புக்கொண்டுள்ளனர். அவர்கள் எண்கள் விகாரையின் கதவில் ஒட்டப்பட்டுள்ளன.

பௌர்ணமி உபோசத நாளில் எட்டுச் சீலம் ஏற்போர், ஆடல் பாடல் காட்சி விலக்கும் ஏழாம் சீலத்துள் கைப்பேசியில் ஓடும் காட்சிகளும் அடங்கும் என்று கொள்க. அன்று காலை ஆறு மணி முதல் மறுநாட் காலை வரை கைப்பேசிகளை வைக்க வாயிலருகே ஒரு மரப்பலகை அடித்துள்ளோம். முறைக்காரர் இருவர் மட்டும் தம் கைப்பேசியை உடன் வைத்திருப்பர்.

அடுத்த வகுப்புக்கு வருவோர் ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தில், ஒரு நாள் முழுவதும் தமக்கு வந்த செய்திகளை எண்ணி எழுதிக் கொண்டுவருக. எத்தனை வந்தன, எத்தனை தூதர், எத்தனை கூட்டம், தாம் எத்தனை அனுப்பினோம் என்ற நான்கு எண்கள் போதும். நாமும் கொண்டுவருவோம், நம்முடையதை முதலிற் படித்துவிட்டு நகர உவமையைத் தொடர்வோம்.