வாழையிலையும் தாம்பூலப்பையும்



2022 ஜூலை 1 முதல், ஒருமுறை உபயோகித்தெறியும் பிளாஸ்டிக் தட்டு, குவளை முதலியவை தேசமெங்கும் தடை செய்யப்பட்டுள்ளன. அவற்றுக்குப் பதில் கரும்புச் சக்கைத் தட்டும் துணிப்பையும் நம் காரைக்கால் வீடுகளுக்கு வந்துவிட்டன. செடியிலிருந்து பிறந்ததெல்லாம் தீங்கற்றதென்று எண்ணலாமா?

வயல் தொடங்கிக் குப்பைமேடு வரை ஒரு பொருளால் வெளிப்படும், பூமியைச் சூடாக்கும் வாயுக்களின் மொத்தமே அதன் கரிக் கணக்கு. பருத்திப்பையைப் பாருங்கள். உரம், நீரிறைப்பு, நூற்பு, நெசவு, சாயம், லாரி எல்லாம் அதில் சேரும். 2011-ல் பிரிட்டன் சுற்றுச்சூழல் முகமை வெளியிட்ட ஆய்வின்படி, அதை 131 தடவை உபயோகித்தால்தான், ஒரே தடவை உபயோகித்தெறியும் மெல்லிய பிளாஸ்டிக் பைக்கு ஈடாகும். கலியாணத் தாம்பூலப்பைகளோ நம் அலமாரிகளில் மடித்தபடி தூங்குகின்றன. (என் அறையிலேயே 11 உண்டு.) ஆனால் அரசலாற்றையும் வாய்க்கால்களையும் அடைக்கும் பிளாஸ்டிக்கின் கேடு இக்கணக்கில் சேரவில்லை, ஆகையால் தடையே தவறென்று வாதிக்க வேண்டாம்.

கொல்லை வாழையிலை ஆலைக்குப் போவதில்லை, தூரத்திலிருந்தும் வருவதில்லை. எனினும் குப்பைமேட்டில் காற்றுப்படாமல் அழுகினால் அதுவும் மீத்தேன் விடும். நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு சூடாக்குவது. காற்றுப்பட மக்கினாலோ மீத்தேன் மிகக் குறைவு.

ஆகவே இவ்வருஷத் திருநாள் அசனத்தின் எச்சில் இலைகள் குப்பை வண்டியில் ஏறா. தோட்டத்து எருக்குழியில் அவற்றைக் கிளறிவிட நான்கு வாலிபர் தேவை. பெயர் கொடுக்கலாம்.