ஏரிக்கரையில் மாலை நடை

வேடந்தாங்கல் ஏரிக்கரையில் காலார நடக்க நவம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். அதிலும் மாலை 4 மணிக்கு மேல் போவதே உத்தமம். பறவை பார்க்க விடியற்காலைதான் சரி என்பார்கள். காட்டுக்குருவிகளுக்கு அது பொருந்தும். இங்கே கூடு கட்டுபவை பெரிய நீர்ப்பறவைகள். வயல்களில் இரை தேடிய நாரைகள் பொழுது சாயும்போது நீர்க்கடம்பு மரங்களுக்குக் கூட்டங்கூட்டமாகத் திரும்பும். பைனாகுலர் இல்லையே என்று தயங்க வேண்டாம். நத்தைக்குத்தி நாரையின் மூடிய அலகுக்கு நடுவே தெரியும் இடைவெளியைப் பார்க்கத்தான் அது தேவை. கூழைக்கடாவுக்கு வெறுங்கண் போதும். பளிச்சென்ற உடையும் கைபேசிப் பாட்டும் வேண்டாம். மழை பொய்த்த ஆண்டானால், ஏரியில் தண்ணீர் நிற்கிறதா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். நீர் சூழாத மரத்தில் கூடு கட்டப் பறவைகள் யோசிக்கும்.