பொய்ப்பற்களை இரவில் கழற்றி வையுங்கள்

பொய்ப்பற்களில் சொத்தை விழாது. ஆனால் அவற்றிலும் கிருமிகள் படியும். இரவும் பகலும் கழற்றாமல் அணிந்திருந்தால், அவற்றின் அடியில் பூஞ்சைத் தொற்று ஏற்பட்டு, ஈறும் மேலண்ணமும் சிவந்துவிடலாம். பெரும்பாலும் வலி தெரியாது. எனவே, உங்கள் ஈறுகளுக்கு இரவில் ஓய்வு கொடுங்கள்.

சாப்பிட்ட பிறகு
• பொய்ப்பற்களைக் கழற்றித் தண்ணீரில் அலசுங்கள். வாயையும் கொப்பளியுங்கள்.

தினமும்
• மென்மையான பிரஷ், மிதமான சோப்பு கொண்டு தேயுங்கள். பற்பசை வேண்டாம், அதனால் ஏற்படும் நுண்ணிய கீறல்களில் கிருமிகள் தங்கும்.
• கைதவறினால் உடையாதிருக்க, கழுவும் தொட்டியில் துண்டு ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள்.
• ஈறுகளையும் நாக்கையும் மென்மையாகத் துலக்குங்கள். எஞ்சியுள்ள சொந்தப் பற்களை ஃபுளோரைடு பற்பசையால் தினமும் 2 முறை துலக்குங்கள்.

படுக்கும் முன்
• பொய்ப்பற்களைச் சுத்தம் செய்து, சாதாரணத் தண்ணீரில் ஊறவையுங்கள். காய்ந்தாலோ வெந்நீர் பட்டாலோ அவற்றின் வடிவம் மாறிவிடும்.

பல் மருத்துவரை எப்போது பார்ப்பது?
• ஆண்டுக்கு ஒருமுறையாவது பாருங்கள்.
• பற்கள் இல்லாத இடத்தில் தாடை எலும்பு நாளடைவில் தேய்வதால், பொய்ப்பற்கள் தளரும். நீங்களே அராவவோ ஒட்டவோ வேண்டாம்.
• வாய்ப்புண் 2 வாரங்களாகியும் ஆறாவிட்டால், வலி இல்லையென்றாலும் உடனே செல்லுங்கள். வெற்றிலை பாக்கு, புகைப்பழக்கம் உள்ளவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

நீல, ஆரஞ்சு நிறச் சாஸ் அட்டைதாரர்களும் முன்னோடி, மெர்டேக்கா தலைமுறையினரும் சாஸ் பல் மருந்தகங்களில் மானியம் பெறலாம். செல்லும்போது அட்டையையும் பொய்ப்பற்களையும் மறக்காமல் கொண்டு செல்லுங்கள்.